பொன் உடையும் வெள்ளி உடையும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

விடியுமுன் பெரட்டுக்குப் போய், வேலை முடிந்து, குளித்துக் கிளம்பி, பிள்ளைகளுக்குத் தலைசீவி அழைத்து வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, என் அருமை மாணவச் செல்வங்களே!

பரிசளிப்பு விழாவில் ஆசிரியர்கள் பேச எழுந்தால் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒழுக்கம், முயற்சி, நேரந்தவறாமை. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் இன்று நான் மாட்டுச் சண்டையைப் பற்றிப் பேசப் போகிறேன். "இந்த டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று யாரும் பயந்துவிட வேண்டாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பொங்கலை ஒட்டி ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, 'நான் பெரியவனானால்' என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். போலீஸ், நர்ஸ், லாரி டிரைவர், டாக்டர் என்று எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் நாலே வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தான். பளபளக்கும் உடையில் ஒரு வீரன், கையில் சிவப்புத் துணி, எதிரே சீறி வரும் காளை. நம்மூர் ஜல்லிக்கட்டு இல்லை. ஸ்பெயின் நாட்டு மாட்டுச் சண்டை. எங்கேயோ பார்த்திருக்கிறான். "நான் மாட்டோட சண்டை போடப் போறேன் டீச்சர். அதுக்குப் படிப்பு வேணாம், தைரியம் இருந்தா போதும்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிப்பு வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. "கொஞ்சம் பொறு, நான் படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றேன். சில மாதங்களாகப் படித்தேன். அந்தப் பையன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சு அவனுக்கு நான் தரும் பதில்.

குதிரை மேலிருந்து தரைக்கு

ஸ்பெயின் நாட்டில் பழைய காலத்தில் மாட்டோடு மோதுவது பெரிய பிரபுக்களின் விளையாட்டாக இருந்தது. அவர்கள் குதிரை மேல் அமர்ந்து ஈட்டியால் குத்துவார்கள். தரையில் ஓடியாடி மாட்டைத் திருப்பி விட்டு, விழுந்த எசமானைத் தூக்கிவிடுவது வேலைக்காரர்களின் பொறுப்பு. மாட்டின் கொம்புக்குப் பக்கத்தில் நின்றவன் வேலைக்காரன். பெயர் மட்டும் குதிரை மேல் இருந்தவருக்கு.

1567ஆம் ஆண்டில் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ், இது கிறிஸ்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று தடை விதித்தார். ஸ்பெயின் மக்கள் விட்டுவிடவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் தடையும் தளர்ந்துவிட்டது. பிறகு 1700களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரச குடும்பத்திலிருந்து வந்த ஐந்தாம் பிலிப் ஸ்பெயின் மன்னரானார். அவருக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை. மன்னருக்குப் பிடிக்காததைச் செய்யப் பிரபுக்கள் தயங்கினார்கள், மெல்ல ஒதுங்கினார்கள். அப்போதுதான் தரையில் நின்ற வேலைக்காரர்கள் மைதானத்தின் நடுவுக்கு வந்தார்கள். தென் ஸ்பெயினில் ரோண்டா என்ற மலையூரைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ ரொமேரோ என்பவர், 1726 வாக்கில், ஒரு சிறிய துணியையும் வாளையும் மட்டும் வைத்துக்கொண்டு மாட்டை நேருக்கு நேர் நின்று கொன்றார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அவருடைய பேரன் பெத்ரோ ரொமேரோ (1754–1839) ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காளைகளை எதிர்கொண்டவர். பெரிய காயம் ஒன்றுகூடப் படாதவர் என்று புகழ் பெற்றவர். ஓவியர் கோயா அவரைப் படமாக வரைந்திருக்கிறார். இப்போது என் மாணவன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1830இல் ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்டினாண்டு செவில் நகரில் என்ன திறந்தார் தெரியுமா? மாட்டுச் சண்டைக்கென்றே ஒரு பள்ளிக்கூடம்! அதற்குத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் யார்? எழுபத்தைந்து வயது பெத்ரோ ரொமேரோ! ஆக, தம்பி, மாட்டோடு சண்டை போடுவதற்கும் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. அந்தப் பள்ளி நாலே ஆண்டில் மூடப்பட்டது என்றாலும், அதைப் போன்ற பயிற்சிப் பள்ளிகள் ஸ்பெயினில் பின்னாளில் மறுபடியும் தோன்றின.

மைதானத்தில் நடப்பது

வட்டமான மைதானம், மணல் பரப்பிய தரை. வழக்கமாக ஒரு நாளில் மூன்று வீரர்கள், ஆறு காளைகள், ஆளுக்கு இரண்டு. காளைக்கு வயது நான்காவது நிறைந்திருக்க வேண்டும். பெரிய மைதானங்களில் 460 கிலோவுக்குக் குறைந்த காளையை ஏற்பதில்லை. ஒரு காளைக்கு ஏறத்தாழ இருபது நிமிடம். அதற்குள் மூன்று கட்டங்கள். எக்காளம் ஊதி ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்குவார்கள்.

முதல் கட்டத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமான பெரிய துணியை வீசி, மாடு எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கொம்பால் குத்துகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு குதிரை மேல் ஈட்டிக்காரர் வந்து மாட்டின் பிடரித் தசையில் குத்துவார். தலை தாழ வேண்டும் என்பதற்காக. அந்தக் குதிரைகளின் கதி முன்பு மிகப் பரிதாபம். குடல் சரிந்து செத்த குதிரைகள் ஏராளம். 1928இல்தான் குதிரைக்குத் தடித்த மெத்தைக் கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

இரண்டாம் கட்டத்தில், முனையில் கொக்கி வைத்து வண்ணக் காகிதம் சுற்றிய குச்சிகளை, ஓடி வரும் மாட்டின் தோளில் இரண்டிரண்டாகக் குத்துவார்கள். கையில் துணி கிடையாது, கேடயம் கிடையாது. கொம்புக்கு மேலே கையை நீட்டிக் குத்திவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கட்டத்தில்தான் அந்தச் சிறிய சிவப்புத் துணி வருகிறது. 'மத்தாதோர்' எனப்படும் தலைமை வீரர் தனியே நின்று மாட்டைச் சுற்றிச் சுற்றி விளையாடவிட்டு, கடைசியில் வாளால் கொல்ல வேண்டும். பத்து நிமிடம் கடந்தால் எச்சரிக்கை எக்காளம் ஊதும். பதினைந்து நிமிடத்தில் மூன்றாம் முறை ஊதிவிட்டால் மாட்டை உயிரோடு திருப்பி அழைத்துப் போய்விடுவார்கள். வீரருக்கு அதைவிட அவமானம் இல்லை.

இங்கேயும் பரிசளிப்பு உண்டு. கூட்டத்தார் வெள்ளைக் கைக்குட்டையை அசைத்துக் கேட்பார்கள். தலைவர் ஒப்புக்கொண்டால், மாட்டின் ஒரு காது பரிசு. மிக நன்றாகச் செய்தால் இரண்டு காது. அதைவிட அபூர்வமாக வால். மாடு மிகச் சிறந்ததாக இருந்தால், தலைவர் ஆரஞ்சு நிறக் கைக்குட்டையைக் காட்டுவார், மாட்டுக்கு உயிர்ப்பிச்சை.

படித்துக்கொள்ளும் மாடு

"சிவப்பைக் கண்டா மாட்டுக்கு வெறி பிடிக்குமா டீச்சர்?" என்று வகுப்பில் கேட்டார்கள். இல்லை. மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் நமக்குத் தெரிவதுபோலத் தெரிவதில்லை. அது அசைவைப் பார்த்துத்தான் பாய்கிறது. முதல் கட்டத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமான துணியைக் கண்டும் அதே வேகத்தில்தானே பாய்கிறது! சிவப்பு, இரத்தம் தெரியாமல் இருக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் நான் படித்ததில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. மைதானத்துக்கு வரும் காளை அதற்கு முன்னால் தரையில் துணியோடு நிற்கும் மனிதனைச் சந்தித்தே இருக்கக்கூடாது. நான்கு ஆண்டும் புல்வெளியில் தன்போக்கில் வளரும். மேய்ப்பவர்கள்கூடக் குதிரை மேல்தான் போவார்கள். ஏன்? மாடு கற்றுக்கொள்ளும். துணி வேறு, மனிதன் வேறு என்று இருபது நிமிடத்தில் அதற்குப் புரியத் தொடங்கிவிடும். ஒருமுறை கற்றுக்கொண்ட மாடு இரண்டாம் முறை துணியை விட்டுவிட்டு ஆளைத்தான் குத்தும்.

யோசித்துப் பாருங்கள். அந்த மாட்டுக்கு வலிமை குறைவா? வேகம் குறைவா? தைரியம் குறைவா? எதுவுமே குறைவில்லை. படிப்பு ஒன்றுதான் கொடுக்கப்படவில்லை. காட்டின துணியைக் குத்தியே அது சாகிறது. காட்டின இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, என்ன எழுதியிருந்தது என்று வாழ்நாள் முழுதும் தெரியாமல் போன தாத்தா பாட்டிமார் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்கும் தைரியம் இருந்தது. கடல் தாண்டி வந்து, காடழித்து, மலேரியாவோடு போராடியவர்களுக்குத் தைரியம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? "தைரியம் இருந்தா போதும்" என்று சொன்ன தம்பிக்கு என் முதல் பதில் இதுதான்.

பசியின் கொம்பு

அடுத்து, யார் இந்த வேலைக்குப் போனார்கள் என்று பார்ப்போம்.

மாட்டுச் சண்டைக்குப் பேர்போன அந்தலூசியா பகுதியில் நிலமெல்லாம் சில பெரிய பண்ணைக்காரர்களிடம் இருந்தது. மற்றவர்கள் நாள்கூலிகள். விடியற்காலையில் ஊர்ச் சதுக்கத்தில் வந்து நிற்பார்கள். பண்ணை மேலாள் வந்து, "நீ வா, நீ வா" என்று ஆள் பொறுக்குவான். பொறுக்கப்படாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வீடுகளின் பையன்கள்தான் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்கள். திருவிழாக்களில் மாட்டின் முன் குதித்தார்கள். நிலா வெளிச்சத்தில் பண்ணை வேலியைத் தாண்டிப் போய்க் காளைகளோடு பழகினார்கள். காவல்காரனிடம் பிடிபட்டால் அடிதான். எல் எஸ்பார்த்தேரோ என்று பெயர்பெற்ற ஒரு வீரரிடம் இவ்வளவு ஆபத்து எதற்கு என்று கேட்டபோது, மாட்டைவிடப் பசிதான் அதிகமாகக் குத்துகிறது என்று அவர் சொன்னதாக ஸ்பெயினில் இன்றும் சொல்கிறார்கள். அவர் 1894இல் மாட்ரிட் மைதானத்தில் காளை குத்தி இறந்தார்.

செவில் நகரத்து ஏழைப் பையன் குவான் பெல்மோந்தே (1892–1962) ஆற்றைக் கடந்து, இரவில் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்த் தொழில் பழகியவர். கால் வலுவில்லாதவர், ஓட முடியாதவர். அதனால் அசையாமல் நின்றே மாட்டைத் திருப்பக் கற்றார். அதுவரை மாடு வந்தால் மனிதன் விலகுவான். இவருக்குப் பிறகு மனிதன் நிற்க, மாடு சுற்றியது. ஆட்டத்தின் போக்கே மாறியது. அவரோடு போட்டி போட்ட ஹொசெலித்தோ 1920இல் தம் 25ஆம் வயதில் கொம்பு பட்டு இறந்தார். மாபெரும் வீரர் என்று கொண்டாடப்பட்ட மனொலெத்தே, 1947 ஆகஸ்டில் லினாரெஸ் என்ற ஊரில், இஸ்லேரோ என்ற காளை குத்தி மறுநாள் விடியலில் இறந்தார். வயது 30.

மனுவேல் பெனீத்தெஸ் என்பவர் 1936இல் பிறந்தவர். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்தார், அக்காதான் வளர்த்தார். இளமையில் எழுதப் படிக்கத் தெரியாது. பசி தாங்காமல் திருடியதும் உண்டு. அவர்தான் பின்னாளில் 'எல் கொர்தோபெஸ்' என்று உலகப் புகழ் பெற்றவர். 1965இல் ஒரே ஆண்டில் 111 நிகழ்ச்சிகளில் களம் இறங்கினார். பெரும் செல்வந்தரானார். அந்த மாணவன் வரைந்த படத்தில் இருப்பது இவர்போன்ற ஒருவர்தான். ஆனால் தம்பி, மூட்டையோடு நடந்த பையன்களில் நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒருவர் ஜெயித்ததை நாம் பார்க்கிறோம். வழியில் நின்றுபோனவர்களை நமக்கு யாரும் காட்டுவதில்லை.

வெள்ளி உடைக்காரர்கள்

இந்தக் கதைகளை வகுப்பில் சொல்லி, ஒரு படத்தையும் காட்டினேன். அந்தப் பையன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பின்னால நிக்கிறாங்களே, அவங்க யாரு டீச்சர்?" என்றான். நான் அதுவரை அவர்களைக் கவனிக்கவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒவ்வொரு மத்தாதோருக்கும் ஒரு குழு உண்டு. தரையில் உதவுவோர் மூவர், குதிரை மேல் ஈட்டிக்காரர் இருவர், வாளையும் துணியையும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் ஒருவர். மத்தாதோரின் உடையில் பொன் சரிகை. தரையில் உதவும் மூவரும் பொன் சரிகை போடக்கூடாது. வெள்ளிச் சரிகை அல்லது கறுப்பு. முதலில் மாட்டின் முன் போய் அதன் குணத்தை அறிவது இவர்கள். கொக்கிக் குச்சியோடு வெறுங்கையாக ஓடுவது பெரும்பாலும் இவர்கள். பொன் உடைக்காரர் கீழே விழுந்தால், மாட்டின் கொம்புக்கும் அவருக்கும் நடுவே துணியோடு பாய்வதும் இவர்களே. காது பரிசு மட்டும் பொன் உடைக்காரருக்கு. மைதானத்தை வலம் வரும்போது, வெள்ளி உடைக்காரர்கள் பின்னால் நடந்து, கூட்டத்தார் எறியும் பூவையும் தொப்பியையும் பொறுக்கிக் கொடுப்பார்கள்.

1992 மே முதல் நாள். உலகமே தொழிலாளர் தினம் கொண்டாடும் நாள். செவில் நகர மைதானத்தில் மனொலோ மொந்தொலியூ என்ற வெள்ளி உடைக்காரர் குச்சி குத்தப் போனபோது, கொம்பு மார்பைத் துளைத்து அங்கேயே இறந்தார். ஒரு காலத்தில் பொன் உடை அணிந்தவர், பிறகு வெள்ளிக்கே திரும்பியவர். அதே ஆண்டு செப்டம்பரில், அதே மைதானத்தில், ரமோன் சோத்தோ வார்காஸ் என்ற இன்னொரு வெள்ளி உடைக்காரரும் இறந்தார். "அவங்க யாரு டீச்சர்?" என்று கேட்ட தம்பிக்காக இரண்டு பெயரையாவது தேடி எடுத்து வந்தேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இது பெண் பிள்ளைகளுக்கு. ஸ்பெயினில் பெண்கள் தரையில் நின்று மாட்டை எதிர்கொள்ளச் சட்டமே தடையாக இருந்த காலம் உண்டு. 1974இல்தான் அந்தத் தடை நீங்கியது. 1972இல் பிறந்த கிரிஸ்தினா சான்செஸ் என்ற பெண் 1996இல் முழுத் தகுதி பெற்ற மத்தாதோராகி, பொன் உடை உடுத்தினார். சில ஆண்கள் அவரோடு ஒரே நிகழ்ச்சியில் இறங்க மறுத்தார்கள். 1999இல் அவர் விலகிக்கொண்டார். அவருடைய அப்பா யார் தெரியுமா? ஒரு வெள்ளி உடைக்காரர்.

சரியா, தவறா?

"மாட்டைக் கொல்றது பாவம் இல்லையா?" என்று பாட்டிமார் கேட்பது காதில் விழுகிறது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள். திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் அந்தப் பொருளில்தான் அதை ஆள்கிறார். நம் முன்னோரின் ஏறுதழுவுதல் கலித்தொகையில் இருக்கிறது. மாட்டைக் கொல்வது அதன் நோக்கமல்ல. அதன் வழிவந்த ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்துத் தொங்குவார்கள். மாடு வீட்டுக்குத் திரும்பும். ஆனாலும் அதிலும் மாட்டுக்குத் துன்பம் உண்டு, மனித உயிரும் போகிறது என்று வழக்குப் போட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டார்கள். தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023இல் அதே நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

ஸ்பெயின் மக்களும் இப்படித்தான் இரண்டுபட்டு நிற்கிறார்கள். கத்தலோனியா மாநிலம் 2010இல் தடைச் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றம் 2013இல் இதைப் பண்பாட்டுச் சொத்து என்று சட்டம் செய்தது. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் கத்தலோனியாவின் தடையை நீக்கியது. கடல் கடந்து, கொலம்பியா நாடு 2024இல் தடைச் சட்டம் இயற்றியது. நாம் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மைதானத்துக்குள் பசியோடு போன பிள்ளைகளையும், அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களையும் மறக்காமல் இருந்தால் போதும்.

என் வீட்டு வெள்ளி உடைக்காரர்

இனி என் சொந்தக் கதை. நானும் தோட்டத்துப் பெண்தான். நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, செம்பனைக் குலை வெட்டப் போன அப்பா பள்ளத்தில் விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அண்ணன் அப்போது மூன்றாம் படிவம். என்னைவிட நன்றாகப் படிப்பார், கணக்கில் புலி. ஒருநாள் சாயங்காலம் புத்தகப் பையைச் சுவரில் ஆணியில் மாட்டினார். மறுநாள் விடியலில் அப்பாவின் சைக்கிளையும் அரிவாள் கட்டிய கம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வேண்டாமென்று தடுக்கவும் இல்லை. அம்மா மட்டும் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

உயரத்தில் முள்ளோடு தொங்கும் குலையை அண்ணாந்து பார்த்து அறுத்துவிட்டு, அது விழும் இடத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். கொம்புள்ள மாட்டின் முன் நிற்பவருக்கும் என் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யோசிக்கிறேன். பார்த்துக் கைதட்ட அங்கே யாரும் இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவர் சம்பாதித்ததில் நான் இடைநிலைப் பள்ளி முடித்தேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். சான்றிதழ் வாங்கிய அன்று அப்பா, அம்மா, நான் மூவரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் அண்ணன் இல்லை. அன்று அவருக்கு வேலை. "நீங்க போயிட்டு வாங்க" என்றார். படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, ஒருகாலத்தில் அவர் புத்தகப் பையை மாட்டிய அதே ஆணியில். இத்தனை ஆண்டில் அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. நம் வீடுகளில் சொல்லும் பழக்கமும் இல்லை. அண்ணன் இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்படிச் சபையில் சொல்வது அவருக்குப் பிடிக்காது, தலையைக் குனிந்துகொள்வார் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நன்றி அண்ணே.

தொப்பியைக் கழற்றிய வீரன்

கடைசியாக ஒன்று. மாட்ரிட் நகரில் லாஸ் வெந்தாஸ் என்ற பெரிய மாட்டுச் சண்டை மைதானம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு சிலை. 1964இல் வைத்தது. மாட்டுச் சண்டை வீரன் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி ஒருவருக்கு மரியாதை செய்கிறான். யாருக்கு? மன்னருக்கா? இல்லை. பெனிசிலின் மருந்தைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்குக்கு!

கொம்பு குத்தினால் மண்ணும் அழுக்கும் சதைக்குள் ஆழமாகப் போய்விடும். காயத்தில் தப்பியவர்கள் சீழ்ப்பிடித்துச் செத்தார்கள். 1934இல் இக்னாசியோ சான்செஸ் மெகியாஸ் என்ற வீரர், குத்துப்பட்ட இரண்டாம் நாள் சதை அழுகி இறந்தார். அவருக்காகக் கவிஞர் லோர்கா பாடிய இரங்கற்பா உலகப் புகழ் பெற்றது. பெனிசிலின் வந்த பிறகு அப்படிச் சாவது வெகுவாகக் குறைந்தது. அதற்கு நன்றியாகத்தான் அந்தச் சிலை. பிளெமிங் ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயியின் மகன். நம் பள்ளியைப் போன்ற ஒரு சின்னக் கிராமப் பள்ளியில் எழுத்துப் படித்தவர். அவர் ஒருமுறைகூட வாளை எடுத்துக் காளை முன் நிற்கவில்லை. 1928இல் ஆய்வுக் கூடத்தில் ஒரு தட்டில் படிந்த பூஞ்சணத்தைக் கவனமாகப் பார்த்தார். தைரியசாலிகள் எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியது அந்தப் படிப்பு.

தம்பி, உன் படத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன் தைரியத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது உனக்கு வேண்டும். அதோடு படிப்பையும் வைத்துக்கொள். பசிக்காகத் தைரியத்தை விற்க வேண்டிய நிலை உனக்கு வரக்கூடாது என்றுதான் உன் அப்பா இன்று காலை வேலைக்குப் போய்விட்டு வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

பெற்றோர்களே, எந்தக் கஷ்டம் வந்தாலும் பிள்ளையின் புத்தகப் பை ஆணியில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாத நிலை வந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஆசிரியர்களும் சங்கமும் சேர்ந்து ஏதாவது வழி பார்ப்போம். சொல்லாமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, இன்னும் சிறிது நேரத்தில் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். மேடைக்கு வந்து, கும்பிட்டு, பரிசை வாங்கிக்கொள்ளுங்கள். இன்று பொன் உடை உங்களுக்கு. கீழே இறங்கியதும் நேரே உங்கள் இடத்துக்குப் போகாதீர்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, பாட்டி என்று யார் உங்களுக்காக வெள்ளி உடையில் நின்றார்களோ அவர்களிடம் போய், கோப்பையை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும்.